புதுப்பிப்பு: தங்காத இரவுக்குப் பிடித்த பணம்

சென்ற வாரம் எழுதியதன் தொடர்ச்சி இது. தஞ்சாவூர் ஹோட்டல் ஒன்றில் பணத்துக்குப் பதிலாக, சேர்த்து வைத்திருந்த ரிவார்டு புள்ளிகளைக் கொடுத்து அறை பதிவு செய்திருந்தேன். அப்பாவுக்குத் திடீர்க் காய்ச்சல். மயிலாடுதுறையிலிருந்து கிளம்பவே முடியவில்லை. புள்ளிகளும் போயின, கிரெடிட் கார்டில் ஓர் இரவு வாடகையையும் பிடித்துவிட்டார்கள்.

இன்று நேரில் போனேன். மேலாளர் பதிவுச் சீட்டின் கடைசி வரியில் விரலை வைத்தார்: வராவிட்டால் புள்ளிகள் திரும்பக் கிடைக்காது. பணம் பிடிப்பதாக அதில் ஒரு சொல்கூட இல்லை. ஒரே இரவுக்கு இரண்டு விலையா என்று விடாமல் கேட்டேன். பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். புள்ளிகள் போனது போனதுதான். கெடுவுக்குள் ரத்து செய்யாதது என் தவறு.

புள்ளிகளில் பதிவு செய்தாலும் கார்டு எண்ணைக் கேட்பது பெரும்பாலும் நாம் வராமல் போனால் பணம் பிடிப்பதற்காகத்தான். அப்படி வராவிட்டால் சில ஹோட்டல்கள் புள்ளிகளை எடுத்துக்கொள்ளும், சில பணமாகப் பிடிக்கும். சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பதிவு செய்யும்போதே பாருங்கள்.