ஏஐ வந்த பிறகு உங்கள் கேமராத் தொழிலில் என்ன நடந்தது? பட்டதைச் சொல்லுங்கள்

டார்க்ரூம் அண்ணாச்சி (தென்காசிப் பக்கம்)

28 வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோதும் "இனிக் கடையை மூட வேண்டியதுதான்" என்றார்கள். மூடவில்லை. கலர் லேபுக்கு பஸ்ஸில் ரோலைக் கொடுத்தனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்த வேலை கடைக்குள்ளேயே முடிந்தது, எனக்கு லாபம்தான். இந்த முறை அப்படித் தோன்றவில்லை.

எங்கள் ஊர் மாதிரி இடத்தில் ஸ்டூடியோ கல்யாணத்தால் மட்டும் ஓடுவதில்லை. பாஸ்போர்ட் சைஸ் எடுப்போம். சட்டையோடு நிற்பவருக்குக் கோட் மாட்டுவோம், துபாயில் இருக்கும் மகனைக் குடும்பப் படத்தில் சேர்த்துக் கொடுப்போம், இறந்தவர் படத்தைப் பெரிதாக்கி ஃப்ரேம் போடுவோம். கடை வாடகையும் கரண்ட் பில்லும் இந்தச் சில்லறையில்தான் கழியும். இப்போது கோட் மாட்டுவதைப் பையன்கள் போனிலேயே முடித்துவிட்டு, "பிரிண்ட் மட்டும் போடுங்கண்ணே" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 2025 செப்டம்பரில் கூகுளின் ஜெமினி ஏஐயில் சேலை கட்டிய படம் போடும் பைத்தியம் வந்ததே, அந்த மாதம் கடைக்கு வந்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் அதைப் பிரிண்ட் போடத்தான் வந்தார்கள். மல்லிகைப்பூ, காற்றில் பறக்கும் முந்தானை, சாயங்கால வெயில். நான் லைட் கட்டி எடுத்தால்கூட அப்படி வராது என்று ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

சரி, சொல்ல வந்தது வேறு. போன ஆடியில் ஒரு அண்ணன் தங்கை வந்தார்கள். அப்பா தவறிவிட்டார், பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும். இருந்தது ஒரே படம், கோயில் கொடையில் பத்துப் பேரோடு நிற்பது. முகம் சுண்டுவிரல் நகம் அளவுதான். முன்பெல்லாம் இந்த மாதிரி வேலைக்கு ஒரு முழு ராத்திரி உட்கார்வேன். கடைப் பையன் ஏதோ ஒரு ஏஐயில் போட்டான். இரண்டே நிமிடம்! தோல் மினுங்குகிறது, கண் பளிச்சென்று இருக்கிறது, மீசை முடியை எண்ணலாம். நானும் அசந்துபோய் பெரிய ஃப்ரேமாகவே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் படத்தோடு அவர்களுடைய அம்மாவே வந்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு?" என்றார்.

இறந்தவருக்கு முன்பல் கொஞ்சம் தூக்கலாம், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பாம். இரண்டையும் ஏஐ துடைத்துவிட்டது. படத்துக்குள் ஒளிந்திருப்பதை இது தோண்டி எடுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். இல்லை. ஏகப்பட்ட முகங்களைப் பார்த்துப் பழகி, 'இந்த இடத்தில் பொதுவாக இப்படி இருக்கும்' என்று நிரப்புகிறது. மூலப் படத்தில் இருப்பதே நாற்பது ஐம்பது புள்ளி என்றால், மீதி அத்தனையும் அதன் ஊகம். பழைய ஃப்ரேமுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். மூலப் படத்தை மறுபடி ஸ்கேன் செய்து, மங்கலை மங்கலாகவே விட்டு, சின்ன சைஸில் போட்டேன். அதைத்தான் மாலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

பனியன் ஊர் கேமரா (திருப்பூர்)

அண்ணே, எனக்கு முகம் மாறவில்லை, துணி மாறிவிட்டது. பனியன் கம்பெனிகளுக்குக் கேட்டலாக் எடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு நாள் ஷூட் என்றால் மாடல் இரண்டு பேர், மேக்கப் அக்கா, துணிக்கு அயர்ன் போடும் பெரியவர், உடை மாற்ற உதவும் பெண், எல்லோரையும் ஏற்றி வரும் டெம்போ. இப்போது "டம்மியில் மாட்டி எடுத்துக் கொடுங்க, மாடலை நாங்க ஏஐயில் போட்டுக்கிறோம்" என்கிறார்கள்.

ஒரு கம்பெனியில் அப்படிப் போட்டு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, அனுப்பினார்கள். கழுத்தில் ரிப் (இழுபடும் பட்டி) வைத்துத் தைத்த டீ-ஷர்ட், படத்தில் ரிப்பே இல்லை. பக்கவாட்டுத் தையலைக் காணோம். கெட்டியான பருத்தித் துணி பட்டு மாதிரி வழிகிறது. "சாம்பிளில் ஒன்று, படத்தில் ஒன்றா?" என்று கேட்டுவிட்டார் பையர். திரும்ப என்னைக் கூப்பிட்டார்கள், பாதி ரேட்டுக்கு. போனேன். போகாமல் என்ன செய்ய?

எச் அண்ட் எம் என்ற துணிக் கம்பெனி 2025இல் 30 மாடல்களுக்கு டிஜிட்டல் இரட்டை (ஏஐயில் அவர்களைப் போலவே ஒரு உருவம்) செய்வதாக அறிவித்தபோது, அந்த உருவம் மாடலுக்கே சொந்தம் என்றது. அதுவாவது ஒரு முறை. இங்கே மாடலே வேண்டாம் என்கிறபோது யாரிடம் போய் உரிமை பேசுவது? எனக்காவது பாதி ரேட் வந்தது. அயர்ன் போட்ட பெரியவருக்கு ஏஐ என்றால் என்னவென்றே தெரியாது. "ஏன் தம்பி இப்பல்லாம் கூப்பிடறதில்ல?" என்று இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

ஆல்பம் தம்பி (கோவில்பட்டி)

நான் பதினொரு ஸ்டூடியோவுக்கு ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். இப்போது மூன்று. செலக்‌ஷன், கலர், பக்க அமைப்பு எல்லாம் சாஃப்ட்வேரே செய்துவிடுகிறது.

நான் தொழில் கற்றதே ஒரு கல்யாணத்தின் நாலாயிரம் படத்தில் கண் மூடியதைப் பொறுக்கி எறிந்துதான். எதை எறியக்கூடாது என்பதும் அதில்தான் பிடிபட்டது. போன தையில் ஒரு ஸ்டூடியோ, சாஃப்ட்வேர் கழித்த படங்களையும் சேர்த்தே தெரியாமல் எனக்கு அனுப்பிவிட்டது. சும்மா தள்ளிப் பார்த்தேன். தாலி கட்டும் நொடி, பெண்ணின் அம்மா கண்ணை இறுக மூடிக் கும்பிட்டு நிற்கிறார். 'கண் மூடியது' என்று கழித்திருக்கிறது! அதை எடுத்து இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டேன். ஸ்டூடியோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆல்பமும் வரவில்லை.

உப்பளத்து நாரை (வேதாரண்யம்)

என் பிரச்சினை தலைகீழ். கோடியக்கரையில் மூன்று நாள் விடியற்காலைச் சேற்றில் கிடந்து பூநாரைக் கூட்டத்தை எடுத்தேன். பகிர்ந்த பத்தாவது நிமிடம், "ஏஐ சூப்பர் ப்ரோ".

போட்டிகளிலும் இதே குழப்பம்தான். 2023இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன்காரர், ஏஐயில் செய்த படத்துக்கு சோனி உலக ஒளிப்பட விருதில் ஒரு பிரிவில் பரிசு அறிவித்தபோது வேண்டாம் என்று மறுத்தார். அடுத்த வருடம் வேறொரு போட்டியில் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் நிஜப் படத்தை ஏஐ பிரிவுக்கு அனுப்பிப் பரிசு வாங்கினார். அவரே உண்மையைச் சொன்னதும் நீக்கிவிட்டார்கள். அதுவும் பூநாரைதான், தலையை உடம்புக்குள் செருகியிருப்பதால் தலையே இல்லாதது மாதிரித் தெரியும்.

இப்போது ஆதாரத்துக்காக ரா ஃபைலை (கேமரா பதிந்த மூலக் கோப்பை) அழிப்பதே இல்லை, ஹார்ட் டிஸ்க் செலவு தனி. எடுக்கும்போதே 'இது இந்தக் கேமராவில் எடுத்தது' என்று முத்திரை பதிக்கும் வசதியை லைக்கா 2023இல் எம்11-பி மாடலில் கொண்டுவந்தது. அந்த விலைக்கு நான் ஒரு காரே வாங்கிவிடுவேன்.

டார்க்ரூம் அண்ணாச்சி

ஆல்பம் தம்பி, அந்தப் படத்தை எனக்கு அனுப்ப முடியுமா? அப்புறம் ஒன்று. ஆவணியில் மூன்று முகூர்த்தம் இருக்கு, இரண்டாவது கேமராவுக்கு ஆள் இல்லை. உனக்குக் கேமரா பிடிக்கத் தெரியுமா?

ஆல்பம் தம்பி

லைட் பிடிக்கத் தெரியும் அண்ணாச்சி. மற்றதை அங்கே வந்து பழகிக்கிறேன். தேதி சொல்லுங்க.