புரோகோஃபியேவ் முதல் வயலின் சொனாட்டா: என் சிடியில் கோளாறா?

பழையசிடி:
பழைய சிடி ஒன்று கைக்கு வந்தது. ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய எஃப் மைனர் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு), ஓபஸ் 80, அதாவது படைப்பு எண் 80. முதல் பகுதி நன்றாகத்தான் தொடங்குகிறது, பியானோ அடித்தொண்டையில் முனகுகிறது. பாதிக்கு மேல் போனதும் வயலின் தேய்ந்து, சரசரவென்று ஏதோ ஓடுவது மட்டும் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அடுத்த பகுதி சம்மட்டி அடிபோல் ஆரம்பித்ததில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. பதிவில் பழுதா?
இன்னொன்று: முதல் சொனாட்டா 1946, இரண்டாவது 1944 என்று அட்டையில் இருக்கிறது. அச்சுப்பிழையா?

வில்லும்நானும்:
பழுதெல்லாம் இல்லை சார். வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரை மேல், ஒலியை அடக்கும் மியூட்டை மாட்டிக்கொண்டு வாசிக்கும் இடம் அது. கல்லறைத் தோட்டத்தில் வீசும் காற்று என்று புரோகோஃபியேவே சொன்னதாக, முதலில் இதை வாசித்த வயலின் கலைஞர் டேவிட் ஓய்ஸ்ட்ராக் நினைவுகூர்ந்திருக்கிறார்.
நானும் வாசித்துப் பார்த்திருக்கிறேன். ஸ்வரங்கள் வரிசையாக ஏறி இறங்கும் ஸ்கேல்தான், இடது கை சமாளித்துவிடும். பாடு முழுக்க வில் பிடித்த கைக்கு. ஒரு ஸ்வரம்கூடத் தனியாகத் துருத்தக் கூடாது. ‘ஃப்ரெட்டோ’ என்று எழுதியிருக்கிறார், இத்தாலிய மொழியில் ‘குளிர்ச்சியாக’ என்று பொருள். நான் பழக்கதோஷத்தில் விரலை அசைத்து உருக ஆரம்பித்தால் ஆசிரியர் பென்சிலால் ஸ்டாண்டைத் தட்டுவார்: “அழாதே. காற்று அழுமா?”
சத்தத்தைக் கூட்டாமல், அடியில் பியானோ மெதுவாக வைத்துக்கொண்டே போகும் ஸ்வரக்கட்டுகளைக் கேளுங்கள். தூரத்தில் மணி அடிப்பது போலிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் வயலின் தானாகக் கேட்கும்.

மாஸ்கோமெயில்:
அச்சுப்பிழையும் இல்லை. முதல் சொனாட்டாவை 1938இல் தொடங்கிக் கிடப்பில் போட்டார். நடுவில் 1943இல் புல்லாங்குழலுக்கு ஒரு சொனாட்டா எழுதினார். ஓய்ஸ்ட்ராக் தூண்டியதால் அதை வயலினுக்கு மாற்றிக் கொடுத்தார். அதுதான் உங்கள் ‘இரண்டாவது’. தம்பி முந்திக்கொண்டான், அவ்வளவுதான். முதலாவது பிறகுதான் முடிந்து, 1946 அக்டோபர் 23 அன்று மாஸ்கோவில் ஓய்ஸ்ட்ராக்கும் பியானோவில் லெவ் ஒபோரினும் அரங்கேற்றினார்கள்.
புரோகோஃபியேவ் இறந்தது 1953 மார்ச் 5, ஸ்டாலின் இறந்த அதே நாள். இறுதிச் சடங்கில் ஓய்ஸ்ட்ராக் வாசித்தது இந்தச் சொனாட்டாவின் முதல், மூன்றாம் பகுதிகளைத்தான்.

ஐந்தும்ஏழும்:
ஒரேயடியாகச் சோகம் என்று பயமுறுத்தாதீர்கள். கடைசிப் பகுதியில் தாளம் ஐந்து, ஏழு, எட்டு என்று மாறி மாறித் துள்ளும். முதல் தடவை எண்ணிக்கொண்டே கேட்டதில் காப்பி ஆறிப்போனது எனக்கு.

பழையசிடி:
நன்றி. நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்தே வைத்துக் கேட்டேன். மணி கேட்டது, வயலினும் கேட்டது. ஐந்தும் ஏழும் எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் அந்தத் துள்ளலெல்லாம் ஓய்ந்த பிறகு, முடியப்போகிற நேரத்தில் அதே காற்று திரும்பி வருகிறதே, அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? எழுந்து போய் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

வில்லும்நானும்:
சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான் சார்.