மட்டையை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மாலைநேர ஆட்டக்காரர், சென்னை:

கல்லூரியோடு கைவிட்ட டேபிள் டென்னிஸை 43ஆம் வயதில் மறுபடி தொடங்கியபோது, முதலில் முரண்டு பிடிப்பவை கால்களாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். முரண்டு பிடித்ததோ வலது முழங்கை. நான்காவது மாதத்தில் ஈரத் துண்டைப் பிழியவும், பால் பாத்திரத்தை ஒரு கையால் அடுப்பிலிருந்து இறக்கவும் முடியாத நிலை வந்தது. மருத்துவர் முழங்கையின் வெளிப்புறத்தில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தியதும் நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். "டென்னிஸ் எல்போ" என்றார். நான் ஆடுவது அந்த டென்னிஸ் அல்ல என்று விளக்கியபோது, நாளெல்லாம் ஸ்குரூடிரைவர் திருகுபவருக்கும் இதே பெயர்தான் என்று சிரித்தார்.

விரல்களை இறுக மடக்கும்போது மணிக்கட்டும் கூடவே உள்நோக்கி மடங்கிவிடாமல் இழுத்து நிறுத்துபவை முன்கையின் பின்புறத் தசைகள். அவற்றுள் பல முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் தொடங்குகின்றன. பந்தை அடிக்கும் கணத்தில் மட்டுமன்றி, அடுத்த பந்துக்குக் காத்து நிற்கும்போதும், கீழே விழுந்த பந்தை எடுக்கப் போகும்போதும்கூட நான் மட்டையை நெரித்துக்கொண்டே இருந்ததால், அந்த முனைக்கு மணிக்கணக்கில் ஓய்வே கிடைக்கவில்லை. பந்தின் எடை 2.7 கிராம். ரப்பர் ஒட்டிய என் மட்டை ஏறத்தாழ 180 கிராம். இவற்றுக்கு நான் கொடுத்து வந்த பிடி கடப்பாரைக்கு உரியது.

ஓய்வுக்குப் பின் திரும்பிச் சென்றபோது, என்னைவிடப் பதினைந்து வயது இளைய பயிற்சியாளர் ஒரு சோதனை செய்தார். நான் சர்வீஸை எதிர்பார்த்துக் குனிந்து நின்றிருக்கையில், ஓசையின்றிப் பின்னால் வந்து மட்டையின் விளிம்பைப் பற்றி மெல்ல இழுத்தார். மட்டையோடு என் கை, தோள், உடம்பு எல்லாமே அவர் பக்கம் சாய்ந்தன. "மட்டையைத்தானே இழுத்தேன், நீங்கள் ஏன் சார் வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

இதில் சென்னையின் வேர்வைக்கும் பங்கு உண்டு. பந்து காற்றில் விலகும் என்பதால் எங்கள் கூடத்தில் ஆட்டத்தின்போது மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். உள்ளங்கை நனைய நனைய, மட்டை நழுவுமோ என்ற அச்சத்திலேயே விரல்கள் இறுகும். 6 புள்ளிகளுக்கு ஒருமுறை துண்டால் துடைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அந்த இடைவேளையில் முகத்தைத் துடைத்து வந்த நான், இப்போது முதலில் கைப்பிடியைத் துடைக்கிறேன். மற்றவர்களுக்கு இந்தப் பிடி விஷயம் எப்போது, எப்படிப் புரிந்தது என்று அறிய விரும்புகிறேன்.

பழைய மட்டை, மதுரை:

ஐயா, உங்கள் கடப்பாரையைப் படித்து மனம்விட்டுச் சிரித்தேன். ஏனெனில் என் இளமை முழுவதும் அதைத்தான் பிடித்திருந்தேன், பேனா பிடிப்பது போன்ற பென்ஹோல்ட் முறையில். 38 மில்லிமீட்டர் பந்தும் 21 புள்ளி ஆட்டமும் இருந்த காலம் அது. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோல் மரத்தின் விளிம்பில் உரசி உரசிக் காய்த்துப்போக, அந்தக் காய்ப்பை நான் கடும் பயிற்சியின் அடையாளமாகக் கருதிப் பெருமைப்பட்டேன். அது தவறான பிடியின் அடையாளம் என்று ஒரு மூத்த ஆட்டக்காரர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. மறுநாள் அவரே ஓர் உப்புத்தாளைக் கொண்டுவந்து, விரல் படும் இரண்டு இடங்களிலும் மரத்தின் கூர்மையைத் தேய்த்துக் கொடுத்தார். உறுத்தல் போனதும் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. இறுக்கத்தைக் குறைக்க நான் எடுத்துக்கொண்ட உறுதிமொழிகள் செய்யாததை, கால் ரூபாய் உப்புத்தாள் செய்தது.

ஆனால் "தளர்வாகப் பிடி" என்ற பொதுவான அறிவுரையை நான் முழுமையாக ஏற்பதில்லை. பிடி என்பது ஐந்து விரல்களுக்கும் ஒரே அளவில் பங்கிடப்படும் அழுத்தம் அல்ல. பென்ஹோல்ட் முறையில், மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை ஃபோர்ஹேண்டாக அடிக்கும்போது பெருவிரல் அழுத்த, ஆட்காட்டி விரல் விட்டுக்கொடுக்கும். எதிர்ப்பக்கமான பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்தைத் தடுத்து பிளாக் செய்யும்போது ஆட்காட்டி விரல் அழுத்த, பெருவிரல் விட்டுக்கொடுக்கும். இந்த விட்டுக்கொடுத்தல் நடக்காவிட்டால் மட்டையின் முகமே திரும்பாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஆண்கள் ஒற்றையர் இறுதியில் மோதிய சீனர்கள் மா லின், வாங் ஹாவ் ஆகிய இருவருமே பென்ஹோல்ட் ஆட்டக்காரர்கள். மட்டையின் பின்பக்கத்தால் வாங் ஹாவ் பேக்ஹேண்ட் அடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, பந்தை விட்டுவிட்டு அவருடைய பெருவிரலையே கவனித்துக்கொண்டிருந்தேன். அன்று தங்கம் வென்றவர் மா லின் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகவே உறைத்தது.

நீங்கள் கைகுலுக்குவது போல் மட்டையைப் பிடிக்கும் ஷேக்ஹேண்ட் ஆட்டக்காரர் என்று நினைக்கிறேன். சர்வீஸ் போடும்போது கீழுள்ள மூன்று விரல்களையும் கைப்பிடியிலிருந்து விலக்கி, பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மட்டுமே மட்டையைப் பற்றிப் பாருங்கள். மணிக்கட்டு ஊஞ்சல் போல் ஆடுவதை உணர்ந்த பிறகு, அந்த மூன்று விரல்கள் இதுவரை எதற்காக அவ்வளவு பாடுபட்டன என்ற கேள்வி தானே எழும்.

ஓர் அம்மா, கோயம்புத்தூர்:

நான் ஆடுவதில்லை, பதினொரு வயது மகளை வாரத்தில் நான்கு நாள் பயிற்சிக்கு அழைத்துச் சென்று சுவரோரம் உட்கார்ந்திருப்பவள். அவளுக்கு நேர்ந்தது உங்கள் இருவருக்கும் நேர்ந்ததற்கு நேர்மாறானது. முன்பு அவள் பயின்ற இடத்தில் "லூஸா பிடி, லூஸா பிடி" என்று ஓயாமல் சொல்லிச் சொல்லி, பந்து படும் கணத்திலும் அவள் பிடியைத் தளர்த்தியே வைத்திருக்கப் பழகிவிட்டாள். எதிராளி வேகமாக அடித்தால் மட்டை கைக்குள் சுழன்று, பந்து வலையின் அடியில் போய் முட்டும். ஒருமுறை மட்டையே பறந்து மேசையின் விளிம்பில் மோதியது. ரப்பரோடு மரமும் சிறிது பெயர்ந்துவிட, வீடு வரும்வரை அழுதாள்.

இப்போதைய பயிற்சியாளர் முதலில் அவளுடைய உள்ளங்கையைத்தான் பார்த்தார். கைப்பிடி அவளுக்கு மிகவும் பருமனாக இருந்தது. விரல்கள் முழுதாகச் சுற்றி வரவேயில்லை. மெல்லிய கைப்பிடி உள்ள மட்டைக்கு மாறிய பின், பந்து படும் அந்த ஒரு கணத்தில் மட்டும் விரல்களை இறுக்கி உடனே விட்டுவிட வேண்டும் என்றும், அந்தக் கணத்தில் வாய்விட்டு "ம்" என்று சொல்ல வேண்டும் என்றும் பழக்கினார். இரண்டு வாரம் கூடம் முழுவதும் அவளுடைய "ம்" கேட்டுக்கொண்டே இருந்தது. ஆட்டம் தெரியாத எனக்கே இன்று சத்தத்தில் வேறுபாடு தெரிகிறது: விரல்கள் நேரத்தில் இறுகினால் "டக்" என்கிறது, தவறினால் நனைந்த அட்டையைத் தட்டியதுபோல் மங்கலாகக் கேட்கிறது. வலைக்கு அருகே சின்னதாகத் தொட்டு வைக்கும் பந்துக்கு மட்டும் அந்த "டக்" வேண்டாமாம். அங்கே பிடி கடைசிவரை மென்மையாகவே இருந்தால்தான் பந்து துள்ளாமல் குட்டையாக விழும்.

இந்திய வீராங்கனை மணிகா பத்ரா இரண்டு அடிகளுக்கு இடையில் மட்டையைக் கைக்குள்ளேயே திருப்பி, லாங் பிம்பிள்ஸ் எனப்படும் நீண்ட முளைகள் கொண்ட ரப்பர் உள்ள பக்கத்தை முன்னே கொண்டுவருவதைப் பார்த்ததிலிருந்து, இவளும் சோபாவில் உட்கார்ந்து மட்டையைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறாள். தேநீர்க் கோப்பை ஒன்று போனது. ஆனால் நெரித்துப் பிடிக்கும் கைக்கு இந்த வித்தை வராது என்பதால் நான் தடுக்கவில்லை.

இடக்கைக்காரன், திருச்சி:

சுருக்கமாக ஒன்று. பதற்றம் கூடினால் என் ஆட்காட்டி விரல் எனக்குத் தெரியாமலே மட்டையின் நடுப்பகுதிக்கு ஏறிவிடும். ஒரு போட்டியில் பந்து அந்த விரலில் பட்டு எதிர்ப்பக்கம் போய் விழ, எதிராளி புள்ளி தனக்கே என்று வாதிட்டார். மட்டை பிடித்த கையில் மணிக்கட்டுக்குக் கீழுள்ள பகுதியில் பட்டாலும் அது செல்லும் என்று நடுவர் எனக்கே கொடுத்தார். புள்ளி கிடைத்தது; நகம் மூன்று நாள் கறுத்திருந்தது. அதன் பிறகு விரல் நிற்க வேண்டிய இடத்தில், ரப்பருக்குச் சற்றுக் கீழே, மரத்தில் பென்சிலால் சிறு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மாலைநேர ஆட்டக்காரர், சென்னை:

அனைவருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி சர்வீஸில் மூன்று விரல்களை விலக்கிப் பார்த்தேன். முதல் நாள் பாதிப் பந்துகள் பக்கத்து மேசைக்குப் போயின, இப்போது குறைந்திருக்கிறது. அம்மா அவர்கள் எழுதிய "ம்" முறையை மனதுக்குள் மட்டும் சொல்லிப் பழகுகிறேன். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் மட்டையை இடக்கைக்கு மாற்றி, வலக்கை விரல்களை உதறிவிடுகிறேன். ஈரத் துண்டைப் பிழிய முடிகிறது.

சென்ற சனிக்கிழமை 9–9 என்ற நிலையில் குனிந்து நின்றபோது, பயிற்சியாளர் மறுபடி பின்னால் வந்து இழுத்தார். மட்டை அப்படியே அவர் கைக்குப் போய்விட்டது. "இவ்வளவு வேண்டாம் சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.