பரம்பரைக் குடல் புற்றுநோய்: சோதனைக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரி:
அப்பாவுக்கு 46 வயதில் பெருங்குடலில் கட்டி. கோயம்புத்தூரில் ஆபரேஷன். எடுத்த கட்டியைச் சோதித்ததில் எம்எஸ்ஹெச்2 என்கிற புரதம் இல்லை என்று வந்தது. செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் எழுத்துப்பிழையைத் திருத்துகிற வேலை அதற்கு.

மரபணு ஆலோசகர் வெள்ளைத் தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டுக் குடும்பத்தையே வரைந்தார். இறந்தவர்கள் மேல் சாய்வாக ஒரு கோடு. தாத்தா? வயிற்று வலி. பெரியப்பா? ரத்தமாகப் போய் இளைத்தே செத்தார், யாரோ செய்வினை வைத்துவிட்டதாகப் பாட்டி சொல்லும். அத்தை? கர்ப்பப்பையில் ஏதோ. அங்கே பேனா நின்றது. பிழை திருத்தும் அந்த மரபணுவில் பழுது பரம்பரையாக வருவதற்கு லின்ச் சிண்ட்ரோம் என்று பேர்; அது உள்ள குடும்பங்களில் கர்ப்பப்பைப் புற்றும் வருமாம். 1895ல் அமெரிக்காவில் ஒரு தையல்காரப் பெண், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இதேதான் என்று வார்தின் என்ற டாக்டரிடம் சொல்லப்போய்த்தான் இந்த ஆராய்ச்சியே தொடங்கியதாம். அவளும் கர்ப்பப்பைப் புற்றில்தான் போனாள். அவள் வாய் விட்டுச் சொன்னாள். எங்கள் வீட்டில் தெரிந்தும் மூடி வைத்தார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்தப் பழுது பிள்ளைகளுக்கு வர ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் கொடுத்தேன், எனக்கு இருக்கிறது. தம்பி சோதனைக்கு வரவே மாட்டேன் என்கிறான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "வெளிய தெரிஞ்சா யாருக்கா பொண்ணு தருவாங்க?"

குன்னூர் குளிர்:
எனக்கும் லின்ச்தான். கொலனோஸ்கோப்பிக்கு, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கிற சோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தடவை விவரம் தெரியாமல், குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கிற அந்தப் பேதிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே குடித்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிட்டேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் உயிர் போய் வந்தது. பர்லியாரில் ஓடிய ஓட்டத்தைச் சொல்ல மாட்டேன். திரும்பி வந்தால் கண்டக்டர் என் பையோடு கீழே நிற்கிறார்: "அண்ணே, அடுத்த வண்டில மெதுவா வாங்க." இப்போதெல்லாம் முதல் நாளே இறங்கி லாட்ஜ்தான். போன முறை குடலில் இரண்டு பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி), அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

தேயிலைத் தாத்தா:
ஆஸ்பிரின் போட்டால் குடல் புற்று வராமல் தடுக்குமா என்று கேட்பீர்கள். காப்2 என்ற ஆய்வில் லின்ச் உள்ள 861 பேர். ஒரு பாதிக்குத் தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின், மறுபாதிக்கு வெற்று மாத்திரை, சராசரியாக இரண்டு வருடம். 2020ல் வந்த கணக்குப்படி ஆஸ்பிரின் போட்டவர்களில் 9 சதவீதம் பேருக்குக் குடல் புற்று, வெற்று மாத்திரைக்காரர்களில் 13. பலன் தெரியவே வருடக்கணக்கானது. எனக்கு அல்சர், டாக்டர் தொடவே கூடாது என்றுவிட்டார். நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள் அம்மா.

கோத்தகிரிக்காரி:
போன வாரம் கொலனோஸ்கோப்பிக்குப் போனேன். மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், தம்பிதான் வந்தான். நான் வெளியே வந்தபோது நர்ஸிடம், அந்தச் சோதனைக்கு எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றி, "டீ குடிக்கலாமாக்கா?" என்றான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.