எக்ஸ்பியை விர்ச்சுவல்பொக்ஸில வைச்சிருக்கிறதோ, பேஜ்மேக்கரை விட்டிட்டு யுனிகோடுக்குப் போறதோ?

ஈயஎழுத்து:

வணக்கம். அச்சகத்துப் பழைய வின்டோஸ் எக்ஸ்பி மெஷின்ர மதர்போட்டில கப்பாசிற்றர் வீங்கிப்போச்சு. இனி எவ்வளவு காலம் இழுக்குமெண்டு சொல்லேலாது. பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7, யுனிகோட் இல்லாத பழைய பாமினி எழுத்துரு, கல்வெட்டு (செத்தவரின்ர நினைவுப் புத்தகம்), பாடசாலை மலர், கோயில் விஞ்ஞாபனம் எண்டு பழைய பைல் எல்லாம் அதுக்குள்ளதான். டிஸ்க் இன்னும் வாசிக்குது. புது மெஷின் வின்டோஸ் 11, றாம் 16 ஜிபி, எஸ்.எஸ்.டி 512 ஜிபி. விர்ச்சுவல்பொக்ஸுக்குள்ள, அதுதான் ஒரு மெஷினுக்குள்ள இன்னொரு மெய்நிகர் மெஷினை ஓட்டுற நிரலுக்குள்ள, எக்ஸ்பியைப் போட்டு அப்பிடியே தொடரலாமோ? பழைய கல்வெட்டைத் திருத்தி மறுபதிப்புக் கேக்கிற ஆக்களும் வருகினம்.

வடலி:

போடலாம். ஆனா அதுக்கு முதல் இண்டைக்கே அந்த டிஸ்கைக் கழட்டி, யு.எஸ்.பி அடப்ரரில கொழுவி, முழுவதையும் கொப்பி எடுங்கோ. எழுத்துரு போல்டரை மறக்க வேண்டாம். ஒரே பேரில இருக்கிற பாமினி எல்லாம் ஒண்டில்லை, எழுத்தின்ர அகலம் கொஞ்சம் மாறினாலே வரி உடையிற இடம் மாறி, பக்கம் தள்ளுப்படும்.

பழைய டிஸ்கை இமேஜாக்கி அப்பிடியே ஓட்டப் பாக்காதேங்கோ. பழைய சிப்செற்றின்ர டிஸ்க் டிரைவரோட எழும்பப் பாத்து, 7பி எண்ட நீலத்திரையில நிண்டிடும். திருத்தலாம்தான், ஆனா புதுசா இன்ஸ்ரோல் பண்ணுறது கெதியா முடியும்.

பயோஸில இன்ரெல் எண்டால் விர்ச்சுவலைசேஷன் ரெக்னோலஜி, ஏ.எம்.டி எண்டால் எஸ்.வி.எம் மோட் இயங்கவேணும். ராஸ்க் மனேஜரில பெர்போமன்ஸ், சி.பி.யு பக்கத்தில அது இயங்குதோ எண்டு தெரியும். விர்ச்சுவல்பொக்ஸில மெய்நிகர் மெஷினை உருவாக்கேக்க வகை வின்டோஸ் எக்ஸ்பி 32 பிற்று எண்டு குடுங்கோ. டிஸ்க் கொன்ட்ரோலர் தானா ஐ.டி.இ எண்டு வரும், அதைச் சாட்டாவுக்கு மாத்தாதேங்கோ. எக்ஸ்பி சீடியில சாட்டாவுக்குத் தேவையான ஏ.எச்.சி.ஐ டிரைவர் இல்லை, இன்ஸ்ரோல் நடுவழியில டிஸ்கே இல்லையெண்டு சொல்லும். றாம் 1 ஜிபி, ஒரு சி.பி.யு, டிஸ்க் 20 ஜிபி காணும். கிராபிக்ஸ் விபொக்ஸ்விஜிஏ. நெற்வேர்க் அடப்ரரை முழுசா எடுத்துவிடுங்கோ.

இன்ஸ்ரோல் முடிஞ்சதும் விர்ச்சுவல்பொக்ஸோட வாற கெஸ்ட் அடிஷன்ஸ் எண்ட டிரைவர் தொகுதியைப் போடவேணும். அது இல்லாட்டி திரை 640க்கு 480, நிறமும் குறைவு, வெளி வின்டோஸோட பைல் மாத்துற ஷெயார்ட் போல்டரும் இல்லை. டிரைவர் கையொப்பம் பற்றி எக்ஸ்பி எச்சரிக்கும். பழைய எக்ஸ்பிக்குப் புது முறைக் கையொப்பத்தைச் சரிபாக்கத் தெரியாது, தொடருங்கோ. பிறகு பேஜ்மேக்கர், எழுத்துருக்கள். அவ்வளவுதான்.

சுன்னாகத்தான்:

இதை முழுசா எதிர்க்கிறன். எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ற் ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிஞ்சுது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதுக்குப் பிறகு அடுத்த பதிப்பே வரேல்லை. செத்த ரெண்டையும் ஒரு பெட்டிக்குள்ள பூட்டி வைச்சு, அதுக்குள்ள புது வேலையும் செய்தால் ஒவ்வொரு மாதமும் சிக்கல் கூடும், குறையாது.

வடிவா யோசியுங்கோ. பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தெரியாது. 31ஆம் நாள் கல்வெட்டுக்குக் கனடாவில இருக்கிற மகள் போனில தட்டெழுதி அனுப்புற கவிதை யுனிகோட்டிலதான் வருது. அதைப் பாமினிக்கு மாத்தி, பேஜ்மேக்கரில ஒட்டி, அச்சடிச்ச பிறகு அவையள் இணையத்தில போடக் கேட்டால் திரும்ப யுனிகோடாக்கவேணும். பக்கம் அமைக்கிற ஸ்கிரைபஸ் 1.6 தமிழை ஒழுங்கா அடுக்குது, காசும் இல்லை. இன்டிசைனிலயும் வேர்ல்ட்-ரெடி கொம்போசரைத் தெரிஞ்சால் கொம்பு சரியான இடத்தில நிக்கும். விசைப்பலகையைப் பற்றிப் பயப்பிடவும் தேவையில்லை, ரெங்கநாதன் அமைப்பு பாமினி விரலோட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

வடலி:

புது வேலைக்கு நீங்கள் சொல்லுறதில நியாயம் இருக்கு. கேள்வி பழைய பைல் பற்றியது. 64 பக்கக் கல்வெட்டு ஒண்டை மாத்திப் பாத்தால் விளங்கும். பாமினியில காற்புள்ளி விசையில இருக்கிறது இ. பாமினியை யுனிகோடாக்கிற மாத்தி நிரல் எல்லாத்தையும் பாமினி எண்டு நினைச்சு மாத்தும். பாமினியில்லாத எழுத்துருவில கிடந்த காற்புள்ளி எல்லாம் இ ஆகும், 150,000 எண்டது 150இ000 ஆகும், இடையில வந்த ஆங்கிலப் பேர் வாசிக்கேலாத தமிழாகும். இலங்கைத் தமிழ் இணையத்தளங்களில இந்த அனாதை இ இண்டைக்கும் கிடக்குது. ஒருத்தர்ர பிறந்த திகதியும் மருமக்கள் பேரும் பிழைச்சால் அந்தக் குடும்பத்துக்கு எப்பிடி முகம் குடுக்கிறது? 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை அண்டு புத்தகம் கையில இருக்கவேணும், அந்த நாளைத் தள்ளிப்போடேலாது.

பக்க அமைப்பும் போயிடும். பேஜ்மேக்கர் பைலை நேர திறக்கக்கூடிய கடைசி இன்டிசைன் சி.எஸ்6. அதுக்குப் பிறகு வந்ததுகள் திறக்காது.

நெடுந்தீவுக்காற்று:

ரெண்டுபேரும் தொடாத மூண்டு விசயம்.

ஒண்டு மின்வெட்டு. விர்ச்சுவல்பொக்ஸில ஐ.டி.இ கொன்ட்ரோலருக்கு ஹோஸ்ட் ஐ/ஓ காஷ் இயல்பாவே இயங்கும். எக்ஸ்பி டிஸ்கில எழுதிப்போட்டன் எண்டு நினைக்கும், ஆனா தரவு வெளி வின்டோஸ்ர றாமில நிக்கும். அந்த நேரம் கரண்ட் போனால் திறந்திருந்த பேஜ்மேக்கர் பைல் மட்டுமில்லை, முழு மெய்நிகர் டிஸ்கும் பழுதாகலாம். ஸ்ரோரேஜ் செற்றிங்கில அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கோ. யு.பி.எஸ்ஸும் வேணும்.

ரெண்டாவது, ஸ்னப்ஷொட்டை, அதாவது மெய்நிகர் மெஷின்ர அந்த நேர நிலையைச் சேமிக்கிறதை, பக்கப் எண்டு நினைக்கிறது. ஸ்னப்ஷொட் எடுத்த பிறகு செய்யிற மாற்றம் எல்லாம் வேற ஒரு பைலில போகும். தாய் டிஸ்க் பைலை மட்டும் பென்டிரைவில கொப்பி பண்ணினால் ஸ்னப்ஷொட்டுக்கு முந்தின நிலைதான் கிடைக்கும். எக்ஸ்பியை முறையா நிப்பாட்டி, எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ் மூலம் ஓ.வி.ஏ பைலாக்கி, வெளி டிஸ்கில வையுங்கோ. அது மட்டும்தான் பக்கப்.

மூண்டாவது உரிமம். அச்சகம் வணிக இடம். விர்ச்சுவல்பொக்ஸ் அடிப்படைப் பொதியைத் தாராளமாப் பாவிக்கலாம், எக்ஸ்ரென்ஷன் பக் எண்ட மேலதிகப் பொதி இலவசமா இருக்கிறது தனிப்பட்ட பாவனைக்கும் கல்விப் பாவனைக்கும் பரீட்சித்துப் பாக்கவும்தான். 7.0இலிருந்து யு.எஸ்.பி 2, 3 ரெண்டும் அடிப்படைப் பொதியிலயே வந்திட்டுது, அந்தப் பக் உங்களுக்குத் தேவையில்லை. இதே வேலை செய்யிற விஎம்வேர் வேர்க்ஸ்ரேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து வணிகப் பாவனைக்கும் இலவசம். எக்ஸ்பி உரிமம் வேற கதை. பழைய பெட்டியோட வந்த ஓ.இ.எம் உரிமம் அந்தப் பெட்டிக்குரியது, கடையில தனியா வாங்கின சீடி இருந்தால் அதைப் பாவியுங்கோ.

சுன்னாகத்தான்:

பாதுகாப்பையும் சொல்லுங்கோ. புது வின்டோஸ் 11இல் கோர் ஐசொலேஷனுக்குள்ள மெமரி இன்ரெக்ரிற்றி அனேகமா இயங்கிக்கொண்டுதான் வரும். அது இயங்கினால் விர்ச்சுவல்பொக்ஸ் வின்டோஸ்ர சொந்த மெய்நிகராக்கமான ஹைப்பர்-விக்கு மேலால ஓடும், கீழ மூலையில பச்சை ஆமைப் படம் வரும், வேகம் குறையும். உடனே அதை நிப்பாட்டச் சொல்லி ஒருத்தர் வருவார். 2014இல் முடிஞ்ச ஒண்டுக்காக இண்டைய மெஷின்ர காவலைக் கழட்டிறது சரியோ?

நெற்வேர்க் இல்லையெண்டால் ஆபத்து இல்லையெண்டும் இல்லை. வாடிக்கையாளர்ர பென்டிரைவை எக்ஸ்பிக்குள்ள கொழுவினால் வைரஸ் உள்ள வரும். ஷெயார்ட் போல்டர் எழுதக்கூடிய மாதிரி இருந்தால் அந்த வழியால வெளி வின்டோஸ்ர பைல்களையும் பூட்டிப்போடும்.

வடலி:

ஆமை வந்தால் வரட்டும், மெமரி இன்ரெக்ரிற்றியை நிப்பாட்ட வேண்டாம். பேஜ்மேக்கர் பென்ரியத்தில ஓடின நிரல், இண்டைய சி.பி.யுவில மெதுவா ஓடினாலும் தட்டெழுத்துக்குக் காணும். ஷெயார்ட் போல்டரை ரெண்டாப் பிரியுங்கோ. உள்ள போறதுக்கு ஒண்டு, வாசிக்க மட்டும். வெளிய வாறதுக்கு இன்னொண்டு, எழுதலாம், ஆனா அதுக்குள்ள பி.டி.எவ் தவிர ஒண்டையும் வைக்கக்கூடாது. பென்டிரைவ் எல்லாம் வெளி வின்டோஸில கொழுவி, வைரஸ் பாத்து, தேவையான பைலை மட்டும் உள் போல்டரில போடுங்கோ.

ஈயஎழுத்து:

பிரின்ரருக்கு எக்ஸ்பி டிரைவர் இல்லை. பி.டி.எவ் ஆக்கி வெளிய எடுத்தால் சில பைலில தமிழுக்குப் பதிலா ஆங்கில எழுத்தும் குறியும் வருது.

வடலி:

பிரின்ரரை எக்ஸ்பிக்குக் காட்டவே தேவையில்லை, நீங்கள் செய்த மாதிரி பி.டி.எவ் வழிதான் சரி. ஆங்கில எழுத்து வாறது எழுத்துரு பைலுக்குள்ள பதியாததால. பி.டி.எவ் ஆக்கிற டிஸ்டிலர் நிரலின்ர செற்றிங்கில எழுத்துருப் பகுதிக்குப் போய், எல்லாத்தையும் பதி எண்டதைத் தெரியுங்கோ, ஒருபோதும் பதியாதே எண்ட பட்டியலை வெறுமையாக்குங்கோ. வெளி வின்டோஸில பாமினியைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். உங்கட திரையில சரியாத் தெரியும், பிளேற் (அச்சுத் தகடு) அடிக்கிற இடத்தில திரும்பப் பிழைக்கும். பி.டி.எவ்வின்ர புறொப்பற்றீஸில எழுத்துருப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில பதிஞ்சிருக்கெண்டு இருக்குதோ எண்டு பாத்திட்டு அனுப்புங்கோ.

சுன்னாகத்தான்:

பெட்டி இருக்கிறதெண்டால் அதைப் பாவிச்சு வெளியேறுற வழியையும் எழுதிவைக்கிறன். பேஜ்மேக்கரில கதை (ஸ்ரோரி) எண்ட தொடர் எழுத்துப் பகுதிக்குள்ள கேர்சரை வைச்சு, எக்ஸ்போர்ட்டில ஆர்.ரி.எவ் எடுங்கோ. ஒவ்வொரு கதையையும் தனித்தனியத்தான் எடுக்கேலும். ஆர்.ரி.எவ்வில எழுத்துருப் பேர் நிக்கும், அதுதான் முக்கியம். லிப்ரேஒபிஸில வடிவத் தேடலில பாமினி எண்டு குடுத்து, அந்தப் பகுதியை மட்டும் தெரிஞ்சு மாத்தியில போடுங்கோ. அப்ப ஆங்கிலமும் இலக்கமும் தப்பும். வெறும் எழுத்தாக் கொப்பி பண்ணினால் எந்த எழுத்துரு எங்கயிருந்ததெண்ட தகவலே போயிடும், வடலி சொன்ன குழப்பம் எல்லாம் அதாலதான் வாறது.

மிஞ்சிற இயையும் பிடிக்கலாம். தமிழ்ச் சொல்லின்ர கடைசியில தனி உயிரெழுத்து இ வராது. எழுத்துக்கோ இலக்கத்துக்கோ ஒட்டினபடி பின்னால வாற இ எல்லாத்தையும் தேடி, ஒவ்வொண்டாப் பாத்துக் காற்புள்ளியாக்குங்கோ. எல்லாத்தையும் ஒரே அடியா மாத்தாதேங்கோ.

வடலி:

இந்த முறை நல்லது. ஆனா மறுபதிப்புக் கேட்டு வாற பைலுக்கு மட்டும் செய்யச் சொல்லுவன், முழுக் களஞ்சியத்தையும் மாத்த ஆரும் கூலி தரமாட்டினம்.

சுன்னாகத்தான்:

அதில நான் ஒத்துக்கொள்ளமாட்டன். கேட்டு வரேக்க மெய்நிகர் டிஸ்க் திறக்காட்டி என்ன செய்யிறது? குறைஞ்சது எல்லாத்தின்ரயும் பி.டி.எவ்வையும் ஆர்.ரி.எவ்வையும் இப்பவே எடுத்து வெளிய வைக்கவேணும். புது வேலை ஒண்டையும் எக்ஸ்பிக்குள்ள தொடங்கக்கூடாது.

நெடுந்தீவுக்காற்று:

ஈயஎழுத்து, பயோஸில கைவைக்க முதல் ஒண்டு. புது வின்டோஸ் 11 மெஷினில டிஸ்க் பிட்லொக்கரால பூட்டியிருக்கலாம். பயோஸ் மாற்றத்துக்குப் பிறகு 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்டால் அது இல்லாமல் உள்ள போகேலாது. அதை முதல்ல கடதாசியில எழுதி வைச்சிட்டு, பிறகு ரீஸ்ராட் பண்ணுங்கோ.