தேவன் உண்மையுள்ளவர் என்று தெரியும், ஆனாலும் சந்தோஷம் வரவில்லை. என்ன செய்வது?

கடுகுவிதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். 11 மாதமாக எனக்கு வேலை இல்லை. ஆனால் என்னை வாட்டுவது அது மட்டும் இல்லை. நான் இரட்சிக்கப்பட்டு 14 வருடம் ஆகிறது, தேவன் உண்மையுள்ளவர் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, யாராவது கேட்டால் வசனத்தோடு எடுத்துச் சொல்லுவேன், போன வருடம் வாலிபர் கூட்டத்தில் அதையே தலைப்பாக வைத்துப் பேசியும் இருக்கிறேன். இப்போது அதே வசனங்களை வாசித்தால் மனதில் ஒன்றுமே அசையவில்லை.

ஜெபத்துக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் விண்ணப்பமும் தேதியும், வலது பக்கம் பதில் கிடைத்த தேதி. இந்த வருடம் எழுதின பக்கங்களில் வலது பக்கம் முழுக்க வெள்ளையாகவே கிடக்கிறது.

போன ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் கைகளை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்தபடி நின்றேன், கை மேலே போகவே இல்லை. பின்னால் இருந்த ஒரு பெரியவர் தோளைத் தட்டி, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், அது கட்டளை தம்பி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அது கட்டளை என்றால் நான் கீழ்ப்படியாதவனா? விசுவாசம் உண்மையானதாக இருந்தால் சந்தோஷம் தானாக வரவேண்டாமா?

ஒலிவ இலை:
பிரதர், உணர்வு வரும்வரை காத்திருக்காதீர்கள். துதிக்க ஆரம்பியுங்கள், ஸ்தோத்திர பலி செலுத்துங்கள், சந்தோஷம் பின்னாலேயே வரும், வேலைக்கும் கதவு திறக்கும். என் வாழ்க்கையில் அப்படித்தான் நடந்தது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

திறந்த ஜன்னல்:
ஒலிவ இலை சிஸ்டர் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார், அவருடைய சாட்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் துதித்தால் கதவு திறக்கும் என்று இவரிடம் சொன்னால், நாளைக்கும் கதவு திறக்காதபோது தன் துதியில்தான் ஏதோ குறை என்று இன்னொரு பாரத்தையும் சேர்த்துச் சுமப்பார். ஏற்கெனவே சுமப்பது போதாதா?

அந்தப் பெரியவர் சொன்ன வசனம் பிலிப்பியர் 4:4. அது பவுல் எழுதின ஒரு கடிதம், அந்த நிருபத்தை ஒருதரம் முதலிலிருந்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், நாலே அதிகாரம்தான். பவுல் அதை எழுதும்போது காவலில் கட்டப்பட்டிருக்கிறார், 1-ஆம் அதிகாரத்திலேயே அதைச் சொல்லுகிறார். 2-ஆம் அதிகாரத்தில் தன் உடன் வேலையாளான எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாகக் கிடந்ததைச் சொல்லும்போது, தேவன் அவனுக்கு இரங்கினார், "துக்கத்தின்மேல் துக்கம்" எனக்கு உண்டாகாதபடிக்கு எனக்கும் இரங்கினார் என்கிறார். ஏற்கெனவே ஒரு துக்கம் அவருக்கு இருந்தது என்றுதானே அர்த்தம்? 3-ஆம் அதிகாரத்தில் கண்ணீரோடு சொல்லுகிறேன் என்கிறார். இத்தனைக்கும் பிறகுதான் அந்தப் பெரியவர் சொன்ன வசனம் வருகிறது. அழுகிறவனைக் கண்டிக்கிற குரலாக அது எனக்குக் கேட்கவில்லை, அழுதுகொண்டே எழுதினவரின் குரலாகத்தான் கேட்கிறது. அதே 4-ஆம் அதிகாரத்தில் 11-ஆம் வசனத்தில், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்கிறார். கற்றுக்கொண்டேன் என்றால் தெரியாமல் இருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. உங்களுக்கு இப்போது அந்தக் காலம் நடக்கிறது, அவ்வளவுதான். கீழ்ப்படியாமை என்ற பெயரை அதற்கு வைக்காதீர்கள்.

காலைமணி:
தம்பி, எனக்கு வேதபாடம் எல்லாம் அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் நடக்கிறதைச் சொல்கிறேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து 6 வருடம் ஆகிறது. வலது பக்கம் செயல் இல்லை, பேச்சும் போய்விட்டது. அந்த வலது கை எப்போதும் இறுக்கமாக மூடியே இருக்கும். தினமும் காலையில் வெந்நீரில் துணியை நனைத்து மேலே சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் இன்னும் இறுகிக்கொள்ளும். திறந்து, உள்ளங்கையைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, ஒரு துணிச்சுருளை உள்ளே வைப்பேன், இல்லாவிட்டால் நகம் குத்திப் புண்ணாகிவிடும். மறுநாள் காலையில் கை பழையபடி மூடியிருக்கும். 6 வருடமாக இதேதான்.

இரண்டாம் வருடத்தில் ஒரு இரண்டு மாதம் நான் ஜெபிக்கவே இல்லை. கோபம்கூட இல்லை, வார்த்தை வற்றிப்போயிருந்தது. அந்த நாட்களில் சபையிலிருந்து இரண்டு பேர் வாரத்துக்கு ஒருமுறை வருவார்கள். எனக்குப் புத்தி சொல்லவில்லை. ஒருவர் துணிகளைத் துவைத்துப் போடுவார், மற்றவர் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் ஒன்றைச் சத்தமாக வாசித்துவிட்டுப் போவார். நான் ஆமென்கூடச் சொல்லவில்லை. அவர்கள் வருவதை நிறுத்தவும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் விரல்களைத் திறந்துகொண்டே, எனக்கே தெரியாமல் ஒரு பழைய கீர்த்தனையை முணுமுணுத்திருக்கிறேன். மூன்றாவது வரியில் அவர் சேர்ந்து பாடினார். தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத மனுஷர், வரி முழுவதையும் பாடினார். பக்கவாதத்தில் பேச்சு போன சிலருக்குப் பாட்டு மிச்சமிருக்கும், மூளையில் இரண்டுக்கும் வழி வேறு என்று டாக்டர் பிறகு சொன்னார். இருக்கட்டும். அந்தக் காலையில் எனக்கு வந்தது சந்தோஷம்தான் தம்பி, அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது. கை இன்னும் மூடித்தான் இருக்கிறது. இன்று காலையும் திறந்தேன்.

திறந்த ஜன்னல்:
அக்கா, நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை.

கை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது, கடுகுவிதைக்கும் அது பயன்படும். "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்று புலம்பல் 3:23-ல் வருகிறதே, தமிழில் உண்மை என்றதும் நாம் பொய்க்கு எதிர்ப்பதமாக எடுத்துக்கொள்கிறோம். அங்கே எபிரெயுவில் உள்ள சொல் எமுனா. அசையாமல் நிலையாய் நிற்பது என்பது அதன் அடிப்படைப் பொருள். ஆமென் என்று சொல்லுகிறோமே, அதுவும் அதே வேர்தான். இந்த எமுனா வேதத்தில் முதன்முதலாக வருகிற இடம் யாத்திராகமம் 17:12. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசேயின் கைகள் அசந்துபோயிற்று, ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைத்தார்கள், ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கத்திலும் நின்று தாங்கினார்கள், கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் "ஒரே நிலையாயிருந்தது". அந்த நிலையைச் சொல்லத்தான் எமுனா. அசந்துபோய், இரண்டு பேர் தாங்கி நின்ற கைகளுக்கு வேதம் அந்தச் சொல்லைக் கொடுக்கிறது என்பதை முதன்முதலில் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புலம்பலை எழுதினவரும் எருசலேம் இடிந்து கிடக்கும்போது எழுதுகிறார், கி.மு. 586-ல் பாபிலோனியர் அழித்த நகரம். "உமது உண்மை பெரிது" என்பதற்கு 5 வசனம் முன்னால்தான், நம்பிக்கை அழிந்துபோயிற்று என்கிறார். நம்பிக்கை தீர்ந்துபோனவன் கையில் மிச்சமிருந்தது தன்னுடைய உறுதி இல்லை, தேவனுடைய உறுதி. 2 தீமோத்தேயு 2:13-ம் அதைத்தான் சொல்லுகிறது: "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்".

நோட்டைப் பற்றியும் ஒன்று. தூக்கிப் போடாதீர்கள். ஆனால் வலது பக்கத்தைத் தேவனுடைய உண்மைக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். சங்கீதம் 13-ஐ இடது பக்கத்தில் கையால் எழுதிப் பாருங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிறார் தாவீது. கேட்டதற்காகத் தேவன் அவரைக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

ஒலிவ இலை:
நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் பிரதர், மன்னியுங்கள். கதவு திறக்கும்வரை எல்லாம் இல்லை, தினமும் உங்களுக்காக ஜெபிப்பேன்.

கடுகுவிதை:
மன்னிப்பு எதற்கு சிஸ்டர், நீங்கள் ஜெபிப்பதே பெரிய விஷயம்.

நேற்று ராத்திரி சங்கீதம் 13-ஐ எழுதினேன். மனதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் நாலாவது "எதுவரைக்கும்" எழுதும்போது, இவ்வளவு நாளும் இந்த வார்த்தையைத்தான் தேவனிடம் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது. சத்தமாகவே சொல்லிவிட்டேன். பல நாளுக்குப் பிறகு நேற்றுதான் ஜெபித்தது மாதிரி இருந்தது. இன்று காலையில் சபையில் இருக்கிற ஒரு நண்பனுக்குப் போன் செய்து, வருகிற ஞாயிறு என் பக்கத்தில் வந்து நின்றால் போதும், ஒன்றும் பேச வேண்டாம் என்று கேட்டேன். சரி என்றான்.

காலைமணி அக்கா, நோட்டில் இன்று உங்கள் கணவரின் கையை எழுதியிருக்கிறேன். அதைத் திறக்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? அந்த நேரத்தில் நானும் விழித்திருந்து ஜெபிக்கிறேன்.

காலைமணி:
ஐந்தரைக்கு, தம்பி.