உக்ரைன் ஈஸ்டர்ல ஹாயிவ்கி (கை கோத்துப் பாடி ஆடுறது) ஆடின அனுபவம் இருந்தா சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். 2019ல லிவிவ்ல மெடிசின் படிச்சிட்டு இருந்தேன், ஏப்ரல் 28 அங்க ஈஸ்டர், மறுநாள் திங்கக்கிழமை கூட படிக்கிற உக்ரைன் பொண்ணு ஷெவ்சென்கிவ்ஸ்கி ஹாய்க்கு கூட்டிட்டுப் போனா, கிராமத்து பழைய மரவீடு மரச்சர்ச்செல்லாம் பிரிச்சுக் கொண்டுவந்து நிறுத்தியிருக்க திறந்தவெளி மியூசியம். அந்தத் திங்கக்கிழமை ஆள் மேல தண்ணி ஊத்துறது அவங்க வழக்கம், போற வழியிலயே ஒரு பையன் என் கைய நனைச்சிட்டான்.

மேடை ப்ரோக்ராம்னு நினைச்சேன், மேடையே இல்ல. சர்ச் முன்னாடி புல்லுல நின்னவங்களே கை கோத்துப் பாட ஆரம்பிச்சிட்டாங்க. வசந்தகாலப் பாட்டுக்கு பொதுப்பேரு வெஸ்னியான்கி, மேற்குப் பக்கம் ஈஸ்டருக்கு சர்ச் வாசல்ல ஆடிப் பாடுறதுதான் ஹாயிவ்கி. என்னையும் இழுத்து வரிசைல விட்டுட்டாங்க.

எதிரெதிரா ரெண்டு வரிசை. அவங்க பனிவரகு விதைச்சோம்னு பாடிக்கிட்டே முன்னாடி வர்றாங்க, நாங்க குதிரைய விட்டு மிதிப்போம்னு பாடுறோம், அவங்க குதிரைய புடிச்சு வச்சுப்போம்ங்கறாங்க, மீட்க நாங்க நூறு தர்றோம்னா வேண்டாம், ஆயிரம்னாலும் வேண்டாம், கடைசில ஒரு பொண்ணத் தர்றோம்னா சரிங்கறாங்க. அன்னிக்கு போனது என் ஃப்ரெண்டுதான். என் ஈரக் கைய விட்டுட்டு அந்தப் பக்கம் ஓடினா, உடனே எங்க வரிசை "நம்ம கூட்டத்துல ஒண்ணு குறைஞ்சுச்சு"ன்னு பாடுது, அவங்க "கூடுச்சு"ன்னு பாடுறாங்க. விளையாட்டுதான், ஆனாலும் தொண்டைய அடைச்சிடுச்சு.

—

அக்கா, நான் இருந்தது உக்ரைன்ல வின்னித்ஸியாங்கற ஊர்ல. வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா எனக்கு கிரிவி தானெத்ஸ் சொல்லிக் குடுத்தாங்க, கோணலாட்டம்னு அர்த்தம். மூணு குட்டிப் பசங்கள முக்கோணமா உக்கார வச்சிட்டு, கை கோத்த நீள வரிசை அவங்களச் சுத்திச் சுத்தி பாம்பு மாதிரி பாடிக்கிட்டே போகும், எங்கயும் கை விட்டுடக் கூடாது. நான் ரெண்டு தடவ விட்டேன், அந்தம்மா என் விரல இறுக்கிப் புடிச்சிக்கிட்டாங்க, மாவு பிசைஞ்சு காய்ச்சுப் போன கை.

ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியோட முதல் பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிறது) கடைசிப் பகுதி கேளுங்க, அதுல வர்ற மெட்டு ஒரு உக்ரைன் வெஸ்னியான்கா, அதான் வசந்தகாலப் பாட்டு, அந்தம்மா வீட்ல அத வாயாலயே பாடிக் காட்டுவாங்க.

2022ல நான் ஊருக்கு வந்துட்டேன், அவங்க இப்ப போலந்துல. போன ஈஸ்டருக்கு வீடியோ அனுப்பினாங்க, அபார்ட்மென்ட் பார்க்கிங்ல பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க கோணலாட்டம் ஆடுறாங்க, நடுவுல பசங்களுக்குப் பதிலா மூணு ஸ்கூல் பை.